ஒன்பது மணி இருபத்து நான்கு நிமிடம்

மார்ச் 3

அண்ணா,

அம்மாவின் அடக்கத்துக்கு நீ வேண்டுமென்றேதான் வரவில்லை.

இதைப் போனில் சொல்ல மூன்று முறை முயன்றேன். மூன்று முறையும் "டூட்டியில இருக்கேன், அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. கிழித்துப் போடலாம், ஆனால் அதற்குள் இரண்டு வரியாவது கண்ணில் பட்டுவிடும்.

தூரம் என்று என்னிடம் சொல்லாதே. தூரம்தான் என் வேலை. என் அலுவலகத்தில் எட்டுப் பேர் வரிசையாக உட்கார்ந்து ஆளுக்கு நாற்பது பக்கம் தட்டச்சு செய்கிறோம். இந்த ஊரிலிருந்து அந்த ஊருக்கு விமானத்தில் எத்தனை கிலோமீட்டர், எத்தனை மணி நேரம். யாரோ இணையத்தில் தேடுவார்கள், எங்கள் பக்கம் வரும், ஓரத்தில் விளம்பரம் வரும். அவ்வளவுதான் தொழில். கிலோமீட்டரை எண்ணூற்று ஐம்பதால் வகுத்து, ஏறி இறங்க அரை மணி நேரம் கூட்ட வேண்டும். "காத்து மழையெல்லாம் பாக்காதம்மா, வகுத்துப் போடு" என்பார் முதலாளி. உன் ஊருக்கும் நம் ஊருக்கும் நடுவில் 7,565 கிலோமீட்டர். ஒன்பது மணி இருபத்து நான்கு நிமிடம். அந்தப் பக்கத்தைத் தட்டச்சு செய்ததே நான்தான்.

பிப்ரவரி ஒன்பதாம் தேதி சாயங்காலம் அம்மா போனாள். நாளைக் காலை பத்தரை விமானத்தில் டிக்கெட் போட்டாகிவிட்டது என்று சொன்னாய். மறுநாள் காலை ஆறு இருபதுக்கு ஒரு படம் அனுப்பினாய். ஜன்னலோர இருக்கை, 31A, பெல்ட் அழகாக மடித்து வைத்திருந்தது. கீழே "இதுதான் என் சீட்" என்று எழுதியிருந்தாய். அதை அப்பாவிடம் காட்டினேன். வீட்டுக்கு வந்த எல்லாரிடமும் காட்டினேன். உன் ஊரில் பத்தரை என்றால் நமக்கு ஏழரை. மாலை நான்கு ஐம்பத்து நான்குக்கு இறங்கிவிடுவாய் என்று நானே எல்லாரிடமும் சொல்லி, அடக்கத்தை ஆறு மணிக்குத் தள்ளி வைத்தேன்.

விமானக் கம்பெனியில் வேலை என்று நீ சொன்ன நாளிலிருந்து தெருவே உன்னைப் பைலட் என்றுதானே கூப்பிடுகிறது. நாள் முழுக்க யாராவது கேட்டுக்கொண்டே இருந்தார்கள். "இப்ப எங்கம்மா வந்துட்டிருப்பான் நம்ம பைலட்டு?" "கடல் தாண்டியிருப்பான்" என்றேன். "பாதிக்கு மேல வந்தாச்சு" என்றேன். "இறங்க ஆரம்பிச்சிருக்கும்" என்றேன். அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு காலி இருக்கைக்கு நான் நேரலை வர்ணனை சொல்லிக்கொண்டிருந்தேன்.

எதிர்வீட்டு டாக்ஸிக்காரர் விமான நிலையத்தில் கடைசிப் பயணி வெளியே வரும்வரை நின்றுவிட்டு வெறும் வண்டியோடு வந்தார். ஆறரைக்கு அத்தை "இதுக்கு மேல வச்சிருக்க முடியாதும்மா" என்றாள். உன் போன் அணைந்திருந்தது. இரண்டு நாள் அணைந்தே இருந்தது.

ஏறவே இல்லையா, ஏறிவிட்டு இறங்கினாயா? அப்பா கேட்பதை நிறுத்திவிட்டார். நான் நிறுத்தவில்லை.

உன் தங்கை


மார்ச் 17

வக்கீலம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. ஆறு வயதிலேயே கேள்வி கேட்டுக் கேட்டு ஆளை மூலையில் நிறுத்துவாய். அப்போது வைத்த பேர் வீண் போகவில்லை.

அன்றைக்கு வேலையில் ஒரு சிக்கல். கடைசி நேரத்தில் அப்படி ஆகிவிட்டது. இதை எழுதினால் புரியாது.

இந்த இடத்தில் நான்கு வரி எழுதி அடித்திருக்கிறேன். படிக்க முயலாதே.

எண்ணூற்று ஐம்பதால் வகுத்தால் விமானம் வந்து சேரும் நேரம் வரும். ஆள் வந்து சேரும் நேரத்துக்கு வேறு கணக்கு. இதற்கு மேல் என்னைக் கேட்காதே.

அப்பாவின் வலது கையை நீவிவிடுகிறாயா? அம்மா விரல்களிலிருந்து தொடங்கித் தோள்வரை போவாள், திரும்ப வரமாட்டாள். அப்படித்தான் செய்ய வேண்டுமாம்.

அண்ணன்


மார்ச் 30

அண்ணா,

நீ அடித்த நான்கு வரியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அழுத்தித்தான் அடித்திருக்கிறாய். ஒரே ஒரு வார்த்தை தப்பித்திருந்தது. "சாவி". என்ன சாவி?

அந்த விமானம் பிப்ரவரி பத்தாம் தேதி பத்து முப்பத்தைந்துக்குக் கிளம்பியது. ஐந்து நிமிடத் தாமதம். சரியான நேரத்தில் தரையிறங்கியது. இதெல்லாம் பதிவில் இருக்கும், நானும் பார்த்தேன். சிக்கல் விமானத்துக்கு இல்லை. உனக்குத்தான்.

அப்பாவின் கையை நீவிவிடுகிறேன். விரலிலிருந்து தோள்வரை. குளிப்பாட்டுகிறேன், உடை மாற்றுகிறேன், சாப்பாடு ஊட்டிவிட்டு அலுவலகம் போகிறேன், மதியம் ஓடிவந்து திருப்பிப் படுக்க வைத்துவிட்டு மறுபடி ஓடுகிறேன். பக்கவாதம் வந்த இரண்டு வருஷமும் இதையெல்லாம் அம்மா செய்தாள். யாரும் அதை வேலை என்று சொல்லவில்லை. அவள் போனதும் அது யார் கைக்கு வர வேண்டும் என்று ஒருத்தரும் கூடிப் பேசவில்லை. தானாக என் கைக்கு வந்துவிட்டது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நில அளவைப் பயிற்சிக்கு எழுதிப் போட்டிருந்தேன் அல்லவா, இடம் கிடைத்துவிட்டது. ஜூலை ஆறாம் தேதி சேர வேண்டும். பத்து மாதம். பஸ்ஸில் ஐந்து மணி நேரம் தள்ளியிருக்கிற ஊர். பார்த்தே இராத ஊர்களின் தூரத்தை நாற்காலியில் உட்கார்ந்து வகுத்துக்கொண்டே இருந்தால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும். காலால் நடந்து சங்கிலி பிடித்து அளக்கிற வேலை வேண்டும்.

அத்தையிடம் சொன்னேன். "பொண்ணு நீ இருக்கும்போது ஆம்பளைப் புள்ள எதுக்குடி வேலைய விட்டுட்டு வரணும்?" என்றாள்.

"நான் போறதும் வேலைக்குத்தான் அத்தை."

"அது வேற, இது வேற."

எப்படி வேறு என்று கேட்டேன். பால் பொங்கிவிட்டது என்று உள்ளே போய்விட்டாள். அடுப்பில் பாலே இல்லை.

ஜூலை ஆறுக்குள் நீ வர வேண்டும். பத்து மாதம் அப்பாவைப் பார்த்துக்கொள்ள வேண்டும். இதை உதவியாகக் கேட்கவில்லை.

உன் தங்கை


ஏப்ரல் 15

தங்கைக்கு,

சாவியைக் கண்டுபிடித்துவிட்டாய். இனி மறைத்துப் பயனில்லை.

நான் விமானக் கம்பெனியில் வேலை பார்க்கவில்லை. விமானத்தைக் கூட்டித் துடைக்கிற ஒப்பந்தக் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். பயணிகள் இறங்கியதும் பதினான்கு பேர் ஏறுவோம். நாற்பது நிமிடம். குப்பை, கழிவறை, தலையணை உறை, கீழே சிந்தியது, மேலே ஒட்டியது எல்லாம் அதற்குள். கடைசியில் ஒவ்வொரு பெல்ட்டையும் மடித்து வைக்க வேண்டும். 31 முதல் 44 வரை என் வரிசைகள். நம் ஊரிலிருந்து தினமும் ஒரு விமானம் வந்து, அதுவே திரும்பிப் போகிறது. இரண்டு வருஷமாக அதை நான் துடைக்கிறேன். இருக்கைப் பைகளில் நம் ஊர்ப் பேப்பர் கிடக்கும், எடுத்து வைத்துக்கொள்வேன். நம் தெருவில் தண்ணீர்க் குழாய் உடைந்தது நீ சொல்வதற்கு முன்பே எனக்கு எப்படித் தெரிந்தது என்று ஆச்சரியப்பட்டாயே, அப்படித்தான்.

சேர்ந்த அன்றே எல்லாருடைய பாஸ்போர்ட்டையும் வாங்கி அலுவலகத்தில் ஒரு இழுப்பறையில் வைத்துப் பூட்டிவிட்டார்கள்.

அம்மா போன செய்தி வந்ததும் சூப்பர்வைசரிடம் போய் நின்றேன். அவர் கெட்டவர் இல்லை. "காலைல டூட்டிக்கு வந்துடு. ஆபீஸ்லேர்ந்து எட்டரைக்கெல்லாம் பாஸ்போர்ட்டக் கொண்டுவரச் சொல்றேன். கைக்கு வந்ததும் பாதியிலயே இறங்கிப் போ, மத்தவங்க பாத்துப்பாங்க" என்றார். டூட்டிக்கு வராவிட்டால் பாஸ்போர்ட்டும் வராது என்று அவர் சொல்லவில்லை. எனக்கே புரிந்தது. அறையில் கூட இருப்பவன் தன் போனிலேயே டிக்கெட் போட்டுக் கொடுத்தான். எந்த இருக்கை என்று கேட்டது. 31A என்றேன். பின்வரிசைகளில் சாய்வு ஒழுங்காக வேலை செய்கிற ஜன்னல் சீட் அது ஒன்றுதான். என்னைவிட அது யாருக்குத் தெரியும்.

ஒன்பது மணிக்கு ஏறினோம். பாஸ்போர்ட் வரவில்லை. வழியில் இருக்கிறது என்று சூப்பர்வைசர் சொன்னார். ஒன்பது இருபதுக்கு என் இருக்கைக்கு வந்தேன். துடைத்தேன். உறை மாற்றினேன். பெல்ட்டை மடித்தேன். படம் எடுத்து உனக்கு அனுப்பினேன். இன்னும் அரை மணியில் அதில் உட்காரப் போகிறேன் என்றுதான் அனுப்பினேன். இதை மட்டும் நம்பு.

ஒன்பதரைக்குப் போர்டிங் பாஸ் கொடுக்கிற கவுண்டர் மூடிவிட்டது. இழுப்பறைச் சாவி ஒரு கிளார்க்கிடம் இருந்ததாம். அவன் அன்று காலை கடைவாய்ப் பல் பிடுங்கிக்கொள்ளப் போயிருந்தான். போன் அடித்தால் எடுத்துப் பேச முடியவில்லை, வாய் நிறையப் பஞ்சு. மாற்றுச் சாவி கிடையாது. அந்த நான்கு வரியில் இதைத்தான் எழுதியிருந்தேன். எழுதிப் படித்தால் எனக்கே சிரிப்பாக இருந்தது. அதனால் அடித்தேன்.

மீதி வரிசைகளையும் துடைத்து முடித்தேன். ஏன் என்று கேட்காதே, கை பாட்டுக்குச் செய்தது. பின்பக்கப் படியில் நாங்கள் குப்பைப் பைகளோடு இறங்க, முன்பக்கம் பயணிகள் ஏறினார்கள். பத்து நாற்பதுக்கு எனக்கு அடுத்த விமானம்.

நான் கடல் தாண்டியிருப்பேன் என்று நீ சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில் ஏதோ ஒரு பிள்ளை இருக்கைக்குள் திணித்துவிட்டுப் போன பிஸ்கட்டைக் குச்சியால் நோண்டிக்கொண்டிருந்தேன். போனை எடுத்து என்ன சொல்லியிருப்பேன்? யாரோ ஒருவனுடைய பல்லால் வர முடியவில்லை என்றா? என்னைப் பைலட் என்று கூப்பிடுகிற தெருவிலா?

அப்பாவிடம் சொல்லாதே.

ஜூலை பற்றி எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

அண்ணன்


மே 2

அண்ணா,

அப்பாவிடம் சொல்லிவிட்டேன். முழுக் கடிதத்தையும் வாசித்துக் காட்டினேன். அவருக்கு இப்போது ஒரு வாக்கியம் முடிய நேரமாகிறது, தெரியுமல்லவா. ரொம்ப நேரம் வாயைக் கூட்டி முயன்று, "அந்தாளுக்கு... பல்லு... சரியாயிடுச்சாமா?" என்று கேட்டார். இரண்டு பேரும் சிரித்தோம். அம்மா போனதற்குப் பிறகு இந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது. அப்புறம் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். நான் சமையலறைக்குப் போய்விட்டேன்.

முதல் கடிதத்தின் முதல் வரியைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். அந்த ஒரு வரியை மட்டும்.

மற்றதற்கு நீ பதில் சொல்ல வேண்டும். கூட்டுவது கேவலம் என்று உனக்கு யார் சொன்னது? அப்பா முப்பது வருஷம் ஸ்கூல் பஸ் ஓட்டினார். தினமும் மாலை பிள்ளைகள் எடுத்த வாந்தியை அவரேதான் கழுவினார். அந்தக் கையால்தான் நமக்குச் சோறு. நீ வெட்கப்பட்டு மறைத்தாய், அதனால் இரண்டு வருஷம் ஒருத்தருக்கும் எதுவும் தெரியவில்லை. அந்த இழுப்பறைக்கு ஒரு பூட்டு அவர்கள் போட்டது. இன்னொன்று நீ போட்டது.

சூப்பர்வைசர் கெட்டவர் இல்லை என்று எழுதுகிறாய். இருக்கட்டும். அம்மா செத்த மறுநாள் பதினான்கு வரிசையைத் துடைக்கச் சொல்கிற நல்லவர். இப்படிப்பட்ட இடங்களில் எல்லாரும் நல்லவர்கள்தான். சாவி மட்டும் எப்போதும் வேறு யாரிடமோ இருக்கும்.

வெளிநாட்டு வேலைக்குப் போனவர்களுக்கான அரசு அலுவலகம் இங்கே இருக்கிறது. அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டுப் போனேன். மூன்று ஜன்னல் மாறி மாறி அனுப்பினார்கள். மூன்றாவது ஜன்னலில் இருந்த அம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு முழுக்கக் கேட்டார். "அடுத்தவங்க பாஸ்போர்ட்ட எந்தக் கம்பெனியும் பூட்டி வைக்கக் கூடாதும்மா. அங்கயும் சட்டம் அதான். ஆனா மனு உங்க அண்ணன் கையெழுத்துல வரணும். நீங்க போட்டாச் செல்லாது."

"அவர் பயப்படறார்."

"எல்லாரும் பயப்படறாங்க. அதுக்குன்னு நான் போட முடியுமா?"

மனுவை நிரப்பி இதோடு வைத்திருக்கிறேன். பெயர், எண், தேதி எல்லாம் எழுதியாகிவிட்டது. அடியில் ஒரு கோடு மட்டும் காலியாக இருக்கிறது.

கையெழுத்துப் போட்டு அனுப்பு. ஜூலை ஆறுக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது.

உன் தங்கை


மே 20

வக்கீலம்மாவுக்கு,

அப்பா சிரித்தார் என்று எழுதியிருந்தாய். அந்த இடத்தை மட்டும் தினமும் படிக்கிறேன்.

உன் மனு கிடைத்தது. அதை அனுப்புவதற்கு முன்னால் வாயால் கேட்டுப் பார்ப்போம் என்று மற்றவர்களிடம் பேசினேன். பதிமூன்று பேரும் தலையாட்டினார்கள். "நீ முன்னால போ, நாங்க பின்னாலயே வரோம்" என்றார்கள். அலுவலகக் கதவைத் தள்ளிவிட்டுத் திரும்பிப் பார்த்தால் ஒரே ஒருவன் நிற்கிறான். அவனும் எனக்கு டிக்கெட் போட்டுக் கொடுத்த என் அறைக்காரன். அவன் செருப்பு கதவில் மாட்டிக்கொண்டதால் நின்றானா என்றுகூட எனக்குச் சந்தேகம்.

மேலாளர் நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். அம்மாவுக்காக வருத்தம் தெரிவித்தார். பிறகு ஒரு தாளை நகர்த்தினார். இப்போதிருக்கிற ஒப்பந்தம் ஜனவரியில் முடிகிறது. இன்னும் இரண்டு வருஷத்துக்கு நீட்டிக் கையெழுத்துப் போட்டால், ஆகஸ்டில் இருபது நாள் விடுப்பு, பாஸ்போர்ட்டும் கையில் வரும். திரும்பி வந்ததும் ஒப்படைக்க வேண்டும். யோசித்து ஒரு மாதத்தில் சொல் என்றார்.

மனு போட்டால் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது. போட்ட ஒருவனை மறுவாரமே வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்களாம், அப்புறம் அவனைப் பற்றிப் பேச்சே இல்லை. கையெழுத்துப் போட்டால் ஆகஸ்டில் உங்கள் இரண்டு பேரையும் பார்ப்பேன். அம்மாவைப் புதைத்த இடத்தையும் பார்ப்பேன். இருபது நாள் என்பது சும்மா இல்லை.

நான் கேட்பது ஒன்றுதான். உன் பயிற்சியை ஒரு வருஷம் தள்ளிப் போட முடியுமா? அடுத்த வருஷமும் ஆள் எடுப்பார்கள் அல்லவா? உனக்கு வயசு இருக்கிறது.

இதை எழுதும்போது கை கூசுகிறது. ஆனாலும் எழுதிவிட்டேன்.

அண்ணன்


ஜூன் 4

அண்ணா,

தள்ளிப் போட முடியாது. முந்நூறு பேரில் பன்னிரண்டு பேரை எடுத்திருக்கிறார்கள். வராதவர் இடம் பதிமூன்றாவது ஆளுக்குப் போய்விடும்.

தள்ளிப் போட முடிந்தாலும் போட மாட்டேன். உன்னை ஒருத்தன் பூட்டி வைத்தால் நீ வந்து என்னைப் பூட்டுகிறாய். கை கூசியதாம். கூசிய கை நிற்கவில்லையே. அம்மா கண்ணில் புரை எடுக்கிற ஆபரேஷனைத் தள்ளிப் போட்டாள், முதலில் உன் பயணத்துக்காக, பிறகு அப்பாவுக்காக. அரைக் கண்ணோடுதான் போய்ச் சேர்ந்தாள். அதை யாரும் அவளிடம் கேட்கக்கூட இல்லை. நீயாவது கேட்டுவிட்டுச் செய்கிறாய், அதுவரை முன்னேற்றம்.

நான் உன் எதிரி இல்லை. ஆகஸ்டில் உன்னைப் பார்க்க எனக்கு ஆசை இல்லையா? ஆனால் இருபது நாள் முடிந்து நீ திரும்பிப் போய் அதே மேஜையில் பாஸ்போர்ட்டை வைப்பாய். மறுபடி இரண்டு வருஷம். அதற்குள் அப்பாவுக்கு ஏதாவது ஆனால்? இன்னொருத்தனுக்கு இன்னொரு பல் இருக்கிறது.

மாற்றிவிட்டார்கள் என்றாயே, அந்த ஆளின் பெயரையும் ஊரையும் எழுது. மூன்றாவது ஜன்னல் அம்மாவிடம் மறுபடி போனேன். "ஒரு மனுன்னா கோப்பு. பத்து மனுன்னா கம்பெனிக்கே ஃபோன் பண்ணுவாங்க" என்றார். அதனால் இதோடு பதிமூன்று வெற்றுப் படிவங்கள் வைத்திருக்கிறேன். எல்லாரும் ஒன்றாகப் போடுங்கள். அடுத்தவன் முன்னால் போகட்டும் என்று காத்திருக்காதே, போடு. ஒருத்தன் போட்டால் செருப்பு மாட்டாமலேயே இன்னொருத்தன் நிற்பான்.

ஜூலை ஆறாம் தேதி நான் போகிறேன். நீ வந்தாலும், வராவிட்டாலும்.

உன் தங்கை


ஜூலை 2

அண்ணா,

பதில் இல்லை. தபால் போகப் பன்னிரண்டு நாள், வரப் பன்னிரண்டு நாள், யோசிக்க மூன்று நாள் என்று வைத்துக்கொண்டாலும் நேற்றே வந்திருக்க வேண்டும்.

உன் போனுக்கு மூன்று நாளாக அடித்தேன். நேற்று உன் அறைக்காரர் எடுத்தார்.

"அவர் டூட்டியில இருக்காரும்மா."

"கையெழுத்துப் போட்டாரா?"

"எதுலம்மா?"

"நீங்க சொல்லுங்க, எதுல?"

"அவரையே கேளுங்கம்மா" என்று வைத்துவிட்டார்.

இங்கே நடந்ததைச் சொல்கிறேன். அத்தை அப்பாவைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போவதாகச் சொன்னாள். சொல்லும்போதே தன் முதுகுவலியைப் பற்றியும் சொன்னாள். அப்பாதான் வாயைக் கூட்டினார். "நான் என்ன... பீரோவா... விட்டுட்டுப் போறதுக்கு? என்னையும்... கூட்டிட்டுப் போ." அத்தை அழுதாள். நிம்மதியில் அழுதாளோ என்னவோ.

பயிற்சி நிலையத்துக்குப் பக்கத்திலேயே தரைத்தளத்தில் ஓர் அறை கிடைத்திருக்கிறது. வாசலில் படி இல்லை, சக்கர நாற்காலி போகும். நேரில் போய் நாடாவை வைத்துக் கதவை அளந்துவிட்டு வந்தேன். பகலில் பார்த்துக்கொள்ள, அங்கே சமைக்கிறவரின் மனைவி ஒத்துக்கொண்டிருக்கிறார். மதிய இடைவேளையில் நான் வந்துவிடுவேன். கஷ்டம்தான். எனக்குத் தெரியும். மற்ற பதினொரு பேரும் அளவை முடிந்ததும் கால் நீட்டிப் படுப்பார்கள், நான் கை நீவிக்கொண்டிருப்பேன். அதற்காக இருக்கிற ஒரு இடத்தை விட மாட்டேன்.

நாளை மறுநாள் டாக்ஸிக்காரரே எங்களைக் கொண்டுபோய் விடுகிறார். அப்பாவின் மாத்திரைப் பெட்டி, இரண்டு போர்வை, அம்மாவின் இரும்புச் சட்டி, என் பூட்ஸ். மற்றதை இங்கே உள் அறையில் போட்டுப் பூட்டிவிட்டோம். புது விலாசம் கவரின் பின்பக்கம்.

இனி உன்னை வா என்று கேட்கப் போவதில்லை. எனக்காக வர வேண்டிய நாள் கடந்துவிட்டது. மனு போட்டு அதனால் உனக்கு ஏதாவது ஆனால் அதில் பாதிப் பழி என்னுடையது, மறுக்க மாட்டேன். நீட்டிப்பில் போட்டிருந்தாலும் உன்னை அடிக்க ஆள் அனுப்பமாட்டேன். கோபப்படுவேன், அவ்வளவுதான். ஆனால் அப்பா தினமும் தபால்காரர் வரும் நேரத்துக்கு முகத்தை வாசல்பக்கம் திருப்பி வைக்கச் சொல்கிறார். எனக்கு ஒன்றும் தெரியாது என்று அவரிடம் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.

உன்னிடம் இரண்டு தாள்கள் இருக்கின்றன. இரண்டின் அடியிலும் ஒரு கோடு காலியாக இருந்தது. எதில் கையெழுத்துப் போட்டாய்?

அதை மட்டும் எழுது.